இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை, மண்டைதான் காய்கிறது. நீங்களும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணனுக்குக் கழுத்து வலி தேவலையா?

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுப் போன் எப்போதும் சாப்பாட்டு மேசை மேல் ஸ்பீக்கரில் கிடக்கும். குட்டி நடுவில் புகுந்து பாடுவாள். அண்ணனோ, "ம்... நல்லா இருக்கேன். இரு, அண்ணிகிட்ட குடுக்கிறேன்" என்பதைத் தாண்ட மாட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவருக்கு. அதனால்தான் வழக்கம்போலக் காகிதம்.

எங்கள் அலுவலகத்தில் மருந்துக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்கிறோம், தெரியுமல்லவா? அதில் ஏதாவது கோளாறு வந்தால் நாங்கள் அதைப் பக் என்போம். பக்கைக் கண்டவர் வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். அதனால் என்ன கோளாறு, யார் கண்டது, யார் சரிசெய்வது என்று எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைப்போம். அப்படி எழுதி வைப்பதற்கென்றே தனியாக ஒரு மென்பொருள் உண்டு. எங்களிடம் இருப்பது நான் சேர்வதற்கு முன்பே வாங்கியது. எழுதியவர் யாரோ, எங்களுக்கு விற்றவர் யாரோ. சாம்பல் நிறத்தில் அழுது வடியும். அதற்குப் 'பெட்டி' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

போன மாதம் ஒரு பக் தப்பித்து வெளியே போய்விட்டது. காலாவதியான மருந்தை விற்கப் போனால் எங்கள் மென்பொருள் சிவப்பில் எச்சரிக்க வேண்டும். அட்டையில் மாதம் மட்டும் அச்சடித்த மருந்துகளுக்கு அது எச்சரிக்கவில்லை. நல்லவேளையாக ஒரு கடைக்காரர் தானே அட்டையைப் பார்த்து எடுத்து வைத்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் சோதனைப் பிரிவின் தலைவியைச் சல்லடை என்போம், அவரைத் தாண்டி ஒரு தூசி போகாது. அவர், "இன்னும் சரியாகலன்னு நான் பெட்டியில எழுதினேன். அதை இவன்தான் அழிச்சிட்டான்" என்று என்னைக் கை காட்டிவிட்டார். நான் அன்றைக்கு அதே பதிவில் 'பார்த்தாயிற்று' என்று எழுதியது உண்மை. அவர் எழுதியதை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, அண்ணி. பெட்டிதான் ஏதோ செய்திருக்கும் என்றேன், யார் நம்புகிறார்கள்? பெரியவர், அதுதான் எங்கள் முதலாளி, என் பதவி உயர்வை நிறுத்தி வைத்துவிட்டு, "பெட்டி மேல பழி போடறியே, அப்ப நீயே நல்லதா ஒண்ணு தேடிக் கொண்டா" என்றார்.

சந்தையில் நூறு இருக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை பேருக்கு மேனேஜராக இருக்கிற அண்ணனுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. கேட்டு எழுதுங்கள்.

குட்டிக்கு என் முத்தம்.

உங்கள் தம்பி


ஜனவரி 20
(எழுதி, அனுப்பாமல் மடித்து வைத்தது)

அன்புள்ள தம்பிக்கு,

குட்டிக்குப் பால் பல் ஒன்று ஆடுகிறது. எனக்கு நெஞ்சு ஆடுகிறது. உன் கடிதத்தை எப்போதும்போல உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து பின்னறைக்குப் போய்விட்டார்.

துணி காயப்போடுவோமே, அந்தப் பின்னறைதான் இப்போது அவருக்கு அலுவலகம். அவர் கம்பெனியைப் போன வருஷமே மூடிவிட்டார்கள். "தம்பிகிட்ட சொல்லாதே, அவன் கவலைப்படுவான்" என்றார். கவலை என்பது சாக்கு, வெட்கம்தான் உண்மை. நான் பள்ளிக்கூட அலுவலகத்துக்கு அரை நாள் போவதும் பொழுது போகாமல் இல்லை.

கம்பெனியில் அவர் எழுதிய ஒரு மென்பொருளை மட்டும் அவர் பேரிலேயே விட்டுவிட்டார்கள். வேறு யாரோ தங்கள் பெயர் போட்டு விற்றது அது. நான்கு அலுவலகங்கள் வைத்திருந்தன. மூன்று போய்விட்டன. நான்காவது நீங்கள். நீ திட்டுகிற அந்தச் சாம்பல் பெட்டி உன் அண்ணனுடையது, தம்பி. அதைப் பராமரிப்பதற்கு உங்கள் அலுவலகம் தருவதில்தான் பாதி வீடு ஓடுகிறது.

பின்னறையிலிருந்து வெகுநேரம் கழித்து வந்தார். முகம் செத்துப் போயிருந்தது. "அவன் அழிக்கல. ரெண்டு பேர் ஒரே நேரத்துல எழுதினா, முதல்ல எழுதினது போயிடுது. இத்தனை வருஷமா எனக்கே தெரியல. அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கச் சொல்லி எழுது. அது என்னோடதுன்னு மட்டும் எழுதாதே, அவன் கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆயிடும்" என்றார்.

எழுதிவிட்டேன். அனுப்பத்தான் கை வரவில்லை.

அண்ணி


ஜனவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணனுக்குக் கழுத்து வலி குறைந்திருக்கிறது. குட்டிக்குப் பல் ஆடுகிறது, பள்ளிக்கூடம் முழுவதும் காட்டிக்கொண்டு திரிகிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நீ கேட்டதை அண்ணனிடம் கேட்டேன். எதற்கு அவசரப்பட்டுப் புதியது வாங்க வேண்டும் என்கிறார். பழையதே போதுமாம். ஆட்களைக் கொஞ்சம் கவனமாக எழுதப் பழக்கினால் சரியாகிவிடுமாம். அவருக்கு ஆபீசில் வேலை முதுகை முறிக்கிறது, அதனால் சுருக்கமாகத்தான் சொன்னார்.

பதவி உயர்வு இன்றில்லாவிட்டால் நாளை வரும். மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

அண்ணி


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணிக்கு,

குட்டியின் பல் விழுந்ததா? இங்கே எனக்குத் தலைமுடி விழுகிறது. மற்றபடி சௌக்கியம்.

அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு நாள் முழுக்க யோசித்தேன். பக் தொலைந்ததே பெட்டிக்குள். அதையே வைத்துக்கொள் என்கிறாரே, இதில் எனக்குப் புரியாத நுட்பம் ஏதாவது இருக்குமோ? அண்ணன் காரணமில்லாமல் பேசுகிறவர் இல்லை. சரி, ஒப்புக்காவது தேடுவோம் என்று இறங்கினேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது.

நூற்றை மூன்றாகக் குறைத்தேன். முதலாவதற்கு நான் வைத்த பெயர் அரண்மனை. ஒரு பக்கை எழுத அதில் எழுபது கட்டம் நிரப்ப வேண்டும். 'பக்கின் மனநிலை' என்று ஒரு கட்டம்கூட இருக்கும்போல. இரண்டாவது ஒட்டுச்சீட்டு, சுவரில் சீட்டு ஒட்டுவதுபோல எளிமையானது. மூன்றாவது ஓசி. சும்மா கிடைக்கும், ஆனால் குழந்தைபோல நாமேதான் வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

சல்லடைக்கு அரண்மனைதான் வேண்டும். நிரல் எழுதும் எங்கள் ஆட்களுக்குப் பிரித்து மேய ஓசிதான் வேண்டும். வாடிக்கையாளரிடம் போனில் திட்டு வாங்கும் பிரிவுக்கு ஒட்டுச்சீட்டு. கூட்டம் போட்டேன். யாரும் யாரையும் பேச விடவில்லை. "எழுபது கட்டம் நிரப்பறதுக்குள்ள நான் பக்கையே சரிபண்ணிடுவேன்" என்கிறான் ஒருவன். "நீங்க சரிபண்ற லட்சணம்தான் மருந்துக் கடையில தெரிஞ்சுதே" என்கிறார் சல்லடை, என்னைப் பார்த்துக்கொண்டே.

கடைசியில் பிரிவுக்கொரு தாள் கொடுத்து, பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னேன். நான்காவதாகப் பெட்டியையும் ஒப்புக்குச் சேர்த்திருந்தேன். ஒவ்வொரு பிரிவும் தனக்கு வேண்டியதற்குப் பத்து போட்டது. எதிராளி விரும்பியதற்கெல்லாம் முட்டை. யாருக்கும் வேண்டாத பெட்டிக்குப் போனால் போகிறது என்று எல்லோரும் ஐந்து. கூட்டிப் பார்த்தேன், அண்ணி. மற்ற மூன்றும் தலா பத்து. பெட்டிக்குப் பதினைந்து!

எதை மாற்றக் கிளம்பினோமோ அதுவே ஜெயித்துவிட்டது. பெரியவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்கன்னா கையெழுத்துப் போட்டுக் குடு. இன்னும் மூணு வருஷத்துக்கு அதையே ஓட்டலாம்" என்கிறார். அண்ணன் சொன்னதும் அதுதான். அப்படியானால் நான்தான் முட்டாளா?

எழுதுங்கள்.

உங்கள் தம்பி


பிப்ரவரி 23

அன்புள்ள தம்பிக்கு,

பல் விழுந்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். நீயும் சந்தோஷமாக இரு.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பார்த்தாயா, அண்ணன் சொன்னதேதான் நடந்திருக்கிறது. மூன்று பிரிவும் சேர்ந்து போட்ட மதிப்பெண்ணுக்கு மேல் உனக்கு என்ன யோசனை? பெரியவரே சொன்ன பிறகு ஏன் இழுத்தடிக்கிறாய்? கையெழுத்து எப்போது போடுகிறாய்? போட்டதும் ஒரு வரி எழுதிப் போடு.

அந்தப் பக் தொலைந்ததையே நினைத்துக்கொண்டிருக்காதே. ஒருவர் எழுதி முடிக்கும் வரை இன்னொருவர் பொறுத்திருந்தால் ஒன்றும் தொலையாது. அண்ணன்தான் சொன்னார்.

கையெழுத்துப் போட்டுவிடு.

அண்ணி


மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுத ஆசைதான். வயிறு சரியில்லை. இங்கே யாரும் என்னோடு உட்கார்ந்து டீ குடிப்பதில்லை, தனியாகக் குடித்தால் எனக்குச் செரிப்பதில்லைபோல.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். "ஒருவர் எழுதி முடிக்கும் வரை இன்னொருவர் பொறுத்திருந்தால்" என்று எழுதியிருந்தீர்கள். பக் எப்படித் தொலைந்தது என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. நான் அழித்தேன் என்கிறார் சல்லடை, அவர் எழுதவே இல்லை என்கிறார்கள் எங்கள் ஆட்கள். இரண்டு மாதமாக இந்தச் சண்டைதான் ஓடுகிறது. பெட்டியைக் கண்ணால் பார்த்திராத அண்ணனுக்கு அதன் உள்கோளாறு எப்படித் தெரிந்தது? ஊகமா? ஊகமென்றால் எவ்வளவு சரியாக இருக்கிறது! நானும் சல்லடையும் அன்றைக்கு ஒரே நேரத்தில்தான் எழுதியிருக்கிறோம்.

எனக்குக் குழம்பிவிட்டது. பெட்டியில் சந்தேகம் வந்தால் எழுதிக் கேட்க உதவி மேசை என்று ஒரு முகவரி உண்டு. யாரும் அதற்கு எழுதினதில்லை, ஆள் இருக்கிறாரா என்றே தெரியாது. நடந்ததை எல்லாம் அதற்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். 'இதிலெல்லாம் அனுபவமுள்ள என் அண்ணனே பழையதை வைத்துக்கொள்ளச் சொல்கிறார், எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை' என்றும் சேர்த்து எழுதினேன். முகம் தெரியாதவரிடம் புலம்புவது சுலபமாக இருக்கிறது.

பதில் வரும் வரை கையெழுத்துப் போடுவதாக இல்லை.

உங்கள் தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம். வயிற்றுக்குக் காரம் சேர்க்காதே, மோரைக் குடி. வெயில் ஏறுகிறது. குட்டிக்குப் புதுப் பல் முளைக்கிறது. எனக்குப் பள்ளி அலுவலகத்தில் வேலை கொஞ்சம் கூடுதல்.

வேறு ஒன்றும் விசேஷமில்லை.

அண்ணி


மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

வயிறு சரியாகிவிட்டது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். உங்கள் கடிதம் உப்புச்சப்பில்லாமல் இருந்ததே, உடம்பு சரியில்லையா? நான் கேட்டதற்குப் பதிலும் இல்லை.

உதவி மேசையிலிருந்து பதில் வந்தது! ஆள் இருக்கிறார். அப்படியே எழுதுகிறேன், படியுங்கள்:

"ஐயா, உங்கள் ஊழியர் எழுதியதை யாரும் அழிக்கவில்லை. எங்கள் மென்பொருளில் இருவர் ஒரே பதிவைத் திறந்து வைத்து எழுதினால், பின்னால் சேமித்தவர் எழுதியதே நிற்கும். முன்னவர் எழுதியது போய்விடும். தவறு முழுக்க எங்களுடையது. அடியோடு இடித்துக் கட்டாமல் இதைச் சரிசெய்ய முடியாது. மருந்து விஷயம். தயவுசெய்து வேறு வாங்குங்கள். எதை வாங்கினாலும் முதலில் இருவரை உட்கார வைத்து, ஒரே பதிவில் ஒரே நேரத்தில் எழுதச் சொல்லுங்கள். இருவர் எழுதியதும் நின்றால் வாங்கலாம். மற்றபடி, உங்கள் அண்ணன் அப்படிச் சொல்லியிருக்க வழியில்லை. மறுபடி கேட்டுப் பாருங்கள்."

இப்படியும் ஒரு வியாபாரி உண்டா, அண்ணி? தன் கடையை வைத்துக்கொண்டு பக்கத்துக் கடையைக் கை காட்டுகிறார். அதுவும் அந்தக் கடைசி வரி! என் அண்ணன் என்ன சொன்னார், சொல்லவில்லை என்று இந்தப் பைத்தியக்காரருக்கு எப்படித் தெரியும்?

கடிதத்தைச் சல்லடையிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். எழுந்து போய் இரண்டு கோப்பை டீயோடு வந்தார். "உக்காரு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். வயிறு சரியானது அப்போதுதான்.

அவரும் நானுமே அந்தச் சோதனையைச் செய்து பார்த்தோம். ஓசி, பெட்டியைப் போலவே ஒருவர் எழுதியதை விழுங்கியது. அரண்மனை இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது. ஒட்டுச்சீட்டு மட்டும், 'இன்னொருவரும் எழுதியிருக்கிறார், பாருங்கள்' என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது.

ஆனால் தாளில் ஜெயித்தது பெட்டி. பெரியவர் என் கையெழுத்துக்குக் காத்திருக்கிறார். எழுதினவர் தூக்கிப் போடு என்கிறார், அண்ணன் வைத்துக்கொள் என்கிறார். மனம்விட்டுச் சொல்கிறேன், எனக்கு அண்ணன் மேல் வருத்தம். சின்ன வயதில் என் சைக்கிளில் ஒரு திருகு தளர்ந்திருந்தால்கூட வெளியே எடுக்க விடமாட்டாரே, அந்த அண்ணனா மருந்து விஷயத்தில் "கவனமாக எழுதப் பழக்கு" என்கிறார்? பெரிய நாற்காலியில் உட்கார்ந்து அவருக்கு வேலை மறந்துவிட்டதா? இனி அவரிடம் எதுவும் கேட்பதாக இல்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

உங்கள் தம்பி


ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

குட்டி நன்றாக இருக்கிறாள். நான் நன்றாக இல்லை.

உன் அண்ணனை என்ன வேண்டுமானாலும் சொல், வேலை மறந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதே. அதைத் தாங்க முடியாமல்தான் எழுதுகிறேன். அந்தப் பைத்தியக்காரர் உன் அண்ணன்தான். பெட்டி அவருடையது, உதவி மேசையும் அவர்தான். ஜனவரியில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மிச்சமெல்லாம் அதில் இருக்கிறது.

அவர் முதல் நாளே சரியாகத்தான் சொன்னார். நான்தான் மாற்றி எழுதினேன். உன் பேர் கெட்டு நீ தனியாக டீ குடிக்கிறாய் என்று தெரிந்தும் மாற்றி எழுதினேன். உன்னை நான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாகப் பார்த்தவள். அப்படிப்பட்ட எனக்கு இந்தப் பொய் எப்படி வந்தது என்று கேட்காதே. கடைசி ஒரு அலுவலகமும் போய்விட்டால் அவர் அந்தப் பின்னறையில் என்ன செய்வார் என்று பயந்தேன். காலையில் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, ஆபீசுக்குப் போகிறவர்போலச் செருப்பும் போட்டுக்கொண்டு, அந்த அறைக்குள் போகிறாரே, அது நின்றுவிடக் கூடாது என்று நினைத்தேன். உன்னைப் பற்றி நினைக்கவில்லை. மன்னித்துவிடு.

'உங்கள் அண்ணன் அப்படிச் சொல்லியிருக்க வழியில்லை.' இந்த வரியைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது, தம்பி. நீ உதவி மேசைக்கு எழுதிய அன்றே நான் செய்தது தெரிந்துவிட்டது. ஒரு மாதமாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "டீ இருக்கா?" என்கிறார். "தம்பி என்ன எழுதியிருக்கான்?" என்கிறார். "நல்லா இருக்கானாம்" என்கிறேன். "ம்" என்கிறார். கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்களுக்காக எதையும் வைத்துக்கொள்ளாதே. நீ எது சரி என்று நினைக்கிறாயோ அதைச் செய். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை, வேண்டும் என்று கேட்க வாயில்லை.

அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. அவர் தலை குனிந்துகொள்வார்.

அண்ணி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

கழுத்து வலி இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? எனக்குக் கடிதம் எழுத வராது, பொறுத்துக்கொள்.

உதவி மேசை நான்தான். இதற்குள் நீயே கண்டுபிடித்திருப்பாய். இல்லையென்றால் உன்னை வேலைக்கு வைத்திருப்பவர்கள் பாவம்.

விஷயம் ஒன்று. பெட்டியை வைத்துக்கொள்ளாதே. மதிப்பெண் கூடுதல், அண்ணனுடையது என்றெல்லாம் பார்க்காதே. நான் எழுதினதுதான், அதன் யோக்கியதை எனக்குத் தெரியும். மருந்துக் கடையில் ஒரு நாள் அட்டையைப் பார்க்காத கடைக்காரர் வருவார்.

விஷயம் இரண்டு. உன் பேர் கெட்டது என் கோளாறால். எனக்கு அது தெரியாமல் போனது என் முட்டாள்தனம். உனக்கு எப்போதோ பதில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று இருந்துவிட்டேன்.

விஷயம் மூன்று. அண்ணியை ஒன்றும் கேட்காதே. அவள் எதை மாற்றி எழுதினாளோ அதை எனக்காக மாற்றினாள். கம்பெனி மூடியதை நான் உன்னிடம் மறைத்தேன். பொய் சொல்லும் வழியை அவளுக்குக் காட்டிக் கொடுத்ததே நான்தான். அவள் எழுதியது எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். ஒரு மாதமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் டீ கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெட்டியில் உள்ள பழைய பதிவுகளைப் புதியதற்கு மாற்றும் வழியை எழுதி முடித்துவிட்டேன். உதவி மேசையிலிருந்து வரும்.

அண்ணன்


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அழுதேன், நடுவில் சிரித்தும் தொலைத்தேன். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப் போவதில்லை. எனக்குத்தான் நன்றாகத் தெரியும், உங்கள் இருவருக்கும்தான் தெரியாது.

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே நாளில், ஒரே தபாலில் வந்தன. இரண்டு உறையிலும் ஒரே பேனா மை. ஒருவர் சமையலறையிலும் ஒருவர் பின்னறையிலும் உட்கார்ந்து, ஒரே பேனாவை மாற்றி மாற்றி எடுத்து எழுதியிருக்கிறீர்கள். ஒருவரிடம் சொல்லாதே என்று இன்னொருவர். யாருடைய பேச்சைக் கேட்டால் யாருக்குத் துரோகம் என்று பிரித்துப் பார்க்க முயன்று தோற்றுவிட்டேன்.

முதலில் வேலை விஷயம். ஒட்டுச்சீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் கடிதங்கள் வந்த பிறகு, எல்லாம் தெரிந்தே போட்டேன். பேனாவை எடுத்தபோது அண்ணன் செருப்புப் போட்டுக்கொண்டு பின்னறைக்குள் போவதுதான் கண்ணுக்குள் நின்றது. என் சைக்கிளின் திருகை முடுக்கினவரின் தம்பி வேறு எப்படிச் செய்ய முடியும், அண்ணி? கோபமிருந்தால் என்னைத் திட்டுங்கள். அந்த நான்காவதை வெட்டிவிட்டவன் நான்தான்.

பெரியவருக்கு இன்னும் குழப்பம். "பதினஞ்சு எடுத்ததை விட்டுட்டுப் பத்து எடுத்ததை வாங்கறியே, உனக்குக் கணக்கு வருமா?" என்று கேட்கிறார். பதவி உயர்வைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இன்னொன்று. சல்லடை என்னிடம் வந்து, "தன் பக்கைத் தானே காட்டிக் குடுக்கிற ஆளை நான் பார்த்ததே இல்ல. அந்த உதவி மேசைக்காரர் நம்ம சோதனைப் பிரிவுக்கு வருவாரா?" என்று கேட்டார். எங்கள் அண்ணன் என்று உண்மையைச் சொன்னேன். "அதுக்கென்ன? உன் அண்ணன்கிறதுக்காக அவர் உன்னை மாதிரியே இருக்கணும்னு அவசியம் இல்லையே" என்றார். இது பாராட்டா, திட்டா? உதவி மேசைக்கு அவர் எழுதியிருக்கிறார். நடக்குமோ நடக்காதோ, பெரியவர் என்ன சொல்வாரோ, எதுவும் தெரியாது. அண்ணன் அதற்குப் பதில் போட வேண்டும். அதை அண்ணி மாற்றி எழுதக் கூடாது.

இனி வீட்டு விஷயம். சொல்லாதே என்று இருவரும் கேட்டீர்கள். என்னால் முடியாது. ஒருவர் எழுதியது இன்னொருவரால் தொலைந்துபோனால் என்ன ஆகும் என்று இந்த நாலு மாதத்தில் நன்றாகப் பட்டுவிட்டேன். அதனால் உங்கள் இரண்டு கடிதங்களையும் இந்த உறைக்குள்ளேயே வைத்து அனுப்புகிறேன், அண்ணி அன்றைக்கு மடித்து வைத்ததையும் சேர்த்து. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். குட்டியை வெளியே விளையாட அனுப்பிவிடுங்கள்.

படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யுங்கள். வழக்கம்போல ஸ்பீக்கரிலேயே போடுங்கள். அண்ணா, இந்த ஒரு தடவை மட்டும் போனை அண்ணியிடம் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் தம்பி